எண்ணூற்றைம்பது வாட்

அருள்குமாரின் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி இருந்தது. நகரியில் அவன் நைனா வேதாச்சலம் விசைத்தறி ஓட்டுகிறார். டிப்ளமோ முடித்த அருள், தறி வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஆன்லைன் போட்டிகளில் ஆடினான். அவனுடைய டீம் ஹைதராபாத்தில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. பழைய கம்ப்யூட்டர் பாதி ஆட்டத்தில் திணறி நின்றுவிடும் என்பதால் பெரிய கிராபிக்ஸ் கார்டாகப் பார்த்து வாங்கியிருந்தான். அந்தக் கார்டு கரண்டை இழுக்கிற இழுப்புக்கு ஈடுகொடுக்கும் பவர் சப்ளை வேண்டும்.

திருப்பதியில் நாகபூஷணத்தின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது அக்கா ரூபாவும் கூட வந்தாள். அவள் ரேணிகுண்டாவில் ஒரு சார்ஜர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். நாகபூஷணம் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெயர் தெரிந்த கம்பெனி, அறுநூற்றைம்பது வாட். இன்னொன்றின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதில் எண்ணூற்றைம்பது என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது.

“உன் கார்டுக்கு அறுநூத்தம்பது தாங்கும், ஆனா டைட்டு,” என்றார் நாகபூஷணம். “இதைத் தூக்கிப் பாரு தம்முடு, எவ்ளோ வெயிட்டுன்னு. எங்க பாப்பா சிஸ்டத்துக்கும் இதான் போட்டிருக்கேன்.”

ரூபா அதன் ஒயர்களை விரலால் நெருடிப் பார்த்தாள். “அருளு, ஒயரு ரொம்ப மெலிசா கீதுடா. ஐஎஸ்ஐ மார்க்கும் காணோம். சின்னதையே எடுத்துக்கோ.”

“உனக்கு சார்ஜரு தெரியும். கேமிங் பிசி பத்தி இன்னா தெரியும்?”

கடைக்காரர் முன்னால் அப்படிக் கேட்டது அவளுக்குச் சுருக்கென்றது. “எரிஞ்சா என்கிட்ட வந்து நிக்காத,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். அருள் எண்ணூற்றைம்பதை வாங்கிக்கொண்டான்.

அந்த வாரமே அது வெடித்தது. மத்தியானம், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அருள் டீமோடு பயிற்சி ஆட்டத்தில் இருந்தான். கருகல் வாடை வந்ததும் ஒயரைப் பிடுங்கக் குனிந்தான். அதற்குள் பெட்டிக்குள் பட்டாசு போல ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து தீ நாக்கு நீட்டியது. அறையின் மூலையில் நூல் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. முதல் நூல் கட்டு தீப்பிடித்ததும் அருள் அதை வெறுங்கையால் இழுத்துக் கீழே போட்டு அடித்தான். கட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் போகவில்லை. வேதாச்சலம் மணலை வாரிக் கொட்டித் தீயை அணைத்தபோது, மகனின் கைத்தோல் கையுறை போலக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கட்டுப் போட்ட கையால் வலியோடு ஆக்சிலேட்டரை முறுக்கி அருள் பைக்கை எடுத்தான். தறியில் நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டை ஒன்றை முதுகில் சொருகியிருந்தான். வேதாச்சலம் ஓடிவருவதற்குள் வண்டி புத்தூர் ரோட்டில் திரும்பிவிட்டது. அவர் ரூபாவுக்குப் போன் செய்தார். “கட்டய எடுத்துக்கினு போறாம்மா. எவனையாவது கொன்னுடப் போறான்.” ரூபா பாதி ஷிப்டில் கேட்டைத் தாண்டி வந்து ஆட்டோ பிடித்தாள்.

அருள் கடைக்குள் நுழைந்தான். இடது கையால் கட்டையை ஓங்கிக் கண்ணாடி மேசையில் இறக்கினான். இரண்டாவது அடியில் சுவரில் மாட்டியிருந்த மானிட்டர் சிதறியது.

“ஏய், ஏன்ட்ரா நீக்கு?” என்று நாகபூஷணம் பாய்ந்து வந்தார். இளவயதில் கபடி ஆடிய உடம்பு. அருளின் கழுத்தைப் பிடித்து அலமாரியில் மோதினார். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அருள் அவர் தோளைக் கடித்தான். வலி தாங்காமல் அவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து முறுக்கினார். கிடைத்தது கட்டுப் போட்ட கை. அருள் போட்ட அலறலில் தெருவில் போன மொட்டைத்தலைப் பக்தர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்கள்.

ரூபா வந்தபோது தம்பி கண்ணாடித் தூள் மேல் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி நாகபூஷணம் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தார். அவள் பின்னாலிருந்து அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவர் முழங்கையால் இடித்ததில் அவள் உதடு பிளந்தது. வாயில் உப்புக் கரித்தது. அலமாரியில் அதே தங்க எழுத்துப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கிழித்து, உள்ளிருந்ததை இரண்டு கைகளாலும் தூக்கி, அவர் தலையைப் பார்த்து எறிந்தாள்.

குறி தப்பியது. தூணில் பட்டு மூடி பிளந்தது. உள்ளேயிருந்து செங்கல் பாதியளவு சிமென்ட் துண்டு ஒன்று உருண்டு நாகபூஷணத்தின் காலடியில் வந்து நின்றது.

அவர் ஓங்கிய கையை இறக்கினார். எழுந்து அந்தத் துண்டை எடுத்தார். பிளந்த மூடிக்குள் எட்டிப் பார்த்தார். எடைக்காக வைத்த சிமென்ட்டும் சுண்டுவிரல் தடிமனில் இரண்டு மூன்று மின் பாகங்களும் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

“இதேமிட்டி இதி,” என்றார் மெல்ல. பிறகு சட்டைப்பையைத் தடவி போனை எடுத்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு வீட்டிலிருந்த மகளைக் கூப்பிட்டு, “கன்னிகா, அம்மா, சிஸ்டம் ஆன்லோ உந்தா?” என்றார்.

அருள் எழுந்துவிட்டிருந்தான். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. கட்டை மறுபடி அவன் கையில் இருந்தது.

“வேணாண்டா,” என்று ரூபா கத்தினாள்.

முதல் அடி நாகபூஷணத்தின் இடது காதில் விழுந்தது. போன் தெறித்தது. அவர் அப்படியே மண்டியிட்டார். இரண்டாவது அடியில் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் முகம் குப்புற விழுந்தார். மூன்றாவது அடி இறங்குவதற்குள் ரூபா அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது. மூச்சே நின்றுவிட்டது. அக்காவை அடித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் அருளின் கை தளர்ந்தது.

கண்ணாடித் தூளுக்கு நடுவே போனில் ஒரு பெண்குரல் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. “நான்னா? நான்னா?”

ரூபா ஊர்ந்து போய் அதை எடுத்தாள். “கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணும்மா,” என்றாள். தெலுங்கு அவளுக்கு அப்போது வாயில் வரவில்லை. “சுவுத்துல ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு பிளக்கப் புடுங்கிடு. கிட்ட நிக்காத. ரூம விட்டு வெளிய வா.”

“நீங்க யாரு? நான்னாக்கு என்ன ஆச்சு?”

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அவளைத் தனியாக உட்காரவைத்தார். வாசலில் வேதாச்சலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்பே சொல்லியிருந்தார். “அவுரு அடிச்சிக்கினு இருந்தப்போதான் தம்பி அடிச்சான்னு சொல்லிடும்மா. அவன் வாழ்க்க போயிடும்.”

எஸ்.ஐ.யும் அதையேதான் கேட்டார். “அவர் அடிக்கும்போது உன் தம்பி திருப்பி அடிச்சான். அப்படித்தானே?”

பிளந்த உதட்டால் பேசுவது கஷ்டமாக இருந்தது. “மொதல்ல அப்பிடித்தான் சார். கடைசில அவரு அடிக்கல. முதுகக் காட்டிக்கினு போன் பேசிக்கினு இருந்தாரு.”

வேதாச்சலம் அவளை அங்கேயே விட்டுவிட்டு நகரி பஸ் ஏறினார். அதன்பின் வெகுநாள் மகளோடு பேசவில்லை. அருள் சிறைக்குப் போனான். அவனில்லாமல் டீம் ஹைதராபாத் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஜாமீனில் வெளியே வந்தபோது அவன் வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மவுஸைப் பிடிக்க முடியாது.

நாகபூஷணம் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, அந்தப் பவர் சப்ளை வாங்கிய ஒவ்வொருவரையும் மகளை விட்டுப் போனில் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். அவருக்கு அதை விற்ற சித்தூர் மொத்த வியாபாரியின் குடோனுக்குப் போலீஸ் போனபோது பூட்டுதான் தொங்கியது.

முதல் வாய்தாவுக்கு அருளை ரூபாதான் அழைத்துப் போனாள். கோர்ட் வராந்தாவில் நாகபூஷணம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. பக்கத்தில் கன்னிகா, பள்ளி யூனிபார்மில். அருள் தூணோரம் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ரூபா எதிர்பார்க்கவில்லை, நடந்து போய் அவருடைய இடப்பக்கம் நின்று வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான்.

நாகபூஷணம் அவன் உதட்டைப் பார்த்தார். “அந்தப் பக்கக் காது கேக்காது,” என்று உரக்கச் சொன்னார்.

வக்கீல்களும் போலீசாரும் அவரவர் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அருளின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் சுற்றி வந்து அவருடைய வலப்பக்கம் நின்றான்.

“க்ஷமிஞ்சு அன்னா,” என்று மன்னிப்புக் கேட்டான், வராந்தா முழுக்கக் காதில் விழும்படி.

நாகபூஷணம் அவன் மடங்காத விரல்களைப் பார்த்தார். கன்னிகா தன் புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அருள் உட்காரவில்லை. அவன் பெயரைக் கூப்பிடும் வரை அங்கேயே நின்றான்.