மூன்றாவது தலை

1.

இந்தக் கதை ஒரு வெட்டிச் சண்டையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தோபா ஏரிக்கரை ஊரான பாலிகேயில் ஒரு சமையற்கட்டு. அர்சிக் என்ற மசாலா மீன் செய்யும்போது கெண்டை மீனின் செதிலைச் சுரண்டலாமா கூடாதா என்று நான்கு ஆண்கள் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவனுக்கும் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. ஐந்தாவதாக நான், மேடான் தமிழன், கையில் குறிப்பேட்டோடு. அங்கேயே இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்த ஹொத்னிடாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "தோபா ஏரியின் நீலம் காலை வெயிலில்..." [அடித்தாயிற்று. வெட்கங்கெட்ட வரி.]

2.

ஹொத்னிடாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளையில்லை. போன மாதம், தாய் தகப்பன் இல்லாத தியூர் என்ற நான்கு வயதுப் பெண்ணைத் தத்தெடுத்தாள். இனி, தோபா முறைப்படி, ஹொத்னிடாவின் பிறந்த வீட்டார் அர்சிக் கொண்டுவந்து வாழ்த்த வேண்டும். புதுத் தம்பதிக்கு ஒரு மீன். பிள்ளை வந்தால் மூன்று. முழு மீன், வாங்குகிறவர் பக்கம் தலை. வெட்டினால் வாழ்வையே வெட்டியதாக அர்த்தம்.

ஞாயிறன்று அண்ணன் பொல்தாக் கொண்டுவரப்போவது ஒன்றா, மூன்றா? அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒன்று என்றால், தியூர் உன் மகளில்லை என்று கூடப்பிறந்தவனே ஊரறியச் சொன்னதாகிவிடும்.

"பெத்தாத்தான் மூணு. எடுத்து வளர்த்தா அதே ஒண்ணுதான். முறைன்னு இருக்கில்ல?" என்றாள் கணவனின் அத்தை லம்ரியா.

"அத்தை, பாப்பா காதுல விழுது," என்றாள் ஹொத்னிடா.

"விழட்டுமே. தெரிஞ்சுதானே வளரணும்!"

"உடனே கணவன் எழுந்து..." [எழவில்லை. அவனுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும். பெயர்கூட வைக்கப்போவதில்லை.]

(அடிக்குறிப்பு, பண்டிதர்களுக்கு: தோபாவில் பல வீடுகளில் செதிலோடு வேகவைப்பார்கள். தெற்கே சுரண்டுவார்கள். நாக்கை மரக்கவைக்கும் அந்தலிமான் மிளகு எவ்வளவு என்பதில் வீட்டுக்கு வீடு பிடிவாதம். மேடானில் என் அம்மா புளியைக் கரைத்து ஊற்றிக் காரியத்தை முடித்தாள். போதுமா? கதைக்கு வருவோம்.)

3.

முதல் முடிவு: ஒரே மீன். ஹொத்னிடா அழுகிறாள். [எனக்கே பிடிக்கவில்லை.]

இரண்டாம் முடிவு: மூன்று முழு மீன். எல்லோரும் அழுகிறார்கள். [தூ!]

4.

சரி, நடந்தது இது. ஆராதனை முடிந்து இருபது பேர் பாயில் உட்கார்ந்திருக்க, பொல்தாக்கின் மனைவி மஸ்னவுலி சட்டியைத் திறந்தாள். உள்ளே துண்டு துண்டாக வெட்டிய மீன்.

ஹொத்னிடா மகளை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"வெட்டிட்டியா? அடிப்பாவி!" அத்தை குதித்தாள். பெண் கொடுத்த வீட்டாரிடம் குரல் உயர்த்தக்கூடாது என்பதும் முறைதான். அது மட்டும் அவளுக்கு மறந்துவிட்டது.

"சட்டியில அடங்கல, பெரியம்மா. வீட்ல இருக்கிற சட்டியே இது ஒண்ணுதான்," என்றாள் மஸ்னவுலி.

"ஒரு மீன் அடங்காத சட்டியா? யார்கிட்ட காது குத்துற? எல்லாரும் பாருங்க!" அத்தை கரண்டியை விட்டுத் துழாவினாள். "இதோ தலை. ஒண்ணு!" மறுபடி துழாவினாள். "ரெண்டு..." கரண்டியில் இன்னொன்று ஏறியது. "மூணு."

பொல்தாக் தங்கையைப் பார்த்தான். "பெரிய மீனாப் பாத்து வாங்கிட்டேன்மா. என் மருமக சாப்பிடணுமில்ல?"

தியூருக்கு அப்போதுதான் எண்ணப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். கைதட்டினாள். "பாட்டி, இன்னொரு தடவ எண்ணுங்க!"

5.

மூன்றாவது தலையோடு அத்தை நிற்கிறாள். அவளை எண்ண வைப்பதா, கரண்டியை வீச வைப்பதா? நான் எழுதப்போவதில்லை, அந்த வாய்க்கு இதற்குமேல் என்னால் வார்த்தை கொடுக்க முடியாது. நீங்கள் எழுதுங்கள். வெட்டியது வெட்டியதுதான், முறை கெட்டது என்றுகூட அவளைக் கத்த வையுங்கள். ஆனால் இருபது பேர் முன்னால் மூன்று என்று சொன்னது அவள். அதில் மட்டும் கைவைக்காதீர்கள்.