ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

வவ்வால் பின்கரணம் அடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

ஆட்டமும் கரணமுமாக அணிகளுக்கு உற்சாகமூட்டும் கல்லூரியின் சியர்லீடிங் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே, தலைகீழாக இருப்பதில் அவளுக்கிருந்த சுகத்தைப் பார்த்துத்தான். நின்ற இடத்திலிருந்து முதுகுப்பக்கமாகத் தாவி, கைகளை ஊன்றி, கால்களைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மறுபடி நிற்க வேண்டும். இரண்டு வருடமாக அதைப் பல் தேய்ப்பதுபோலச் செய்துகொண்டிருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கைகளைத் தூக்கினாள், முட்டியை மடக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். விழவில்லை. அடிபடவில்லை. அதனால்தான் யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும்தான்.

"விழுந்துட்டியாம்மா?" என்று அப்பா கேட்டார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர்.

"இல்லப்பா."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா. பின்னாடி என்ன இருக்குன்னு தெரியல. அவ்வளவுதான்."

"இத்தனை நாள் தெரிஞ்சுதா என்ன? முதுகுல கண்ணு வேணும்னா என் கடையில கிடைக்காது, தாயே."

அவள் சிரித்தாள். பிறகு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பயம் போகட்டும், போனதும் அடிக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அது போகிற வழியைக் காணோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிற விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பின்வரிசையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பின்கரணம் அடிக்க வேண்டும். நான்கில் ஒரு இடம் வவ்வாலுடையது. இப்போதைக்கு அங்கே முதலாண்டுப் பெண் ஒருத்தி நின்றாள். வெள்ளிக்கிழமை வரிசையை முடிவு செய்துவிடுவதாகக் கோச் அக்கா சொல்லியிருந்தாள். அதற்குள் வவ்வால் அடித்தால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் பேனர் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பழைய கிடங்கு ஒன்றைத்தான் பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். நீல விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் உருட்டிப் போட்டு, ஒட்டுப்பட்டையால் இணைத்திருந்தார்கள். சாக்ஸ் வாடை கூரை வரை நின்றது. பாட்டு இல்லாமல் பழகும்போது, கரணம் அடிக்காதவர் எதிரே நின்று எண்ண வேண்டும் என்பது குழுவின் வழக்கம். எட்டு என்றதும் நால்வரும் தாவுவார்கள். எண்ணும் வேலை வவ்வாலுக்கு வந்தது.

"அஞ்சு, ஆறு, ஏழு..."

முதலாண்டுப் பெண் தாவிவிட்டாள். இன்னொருத்தி பாதியில் நின்றாள்.

"...எட்டு."

மற்ற இருவரும் அப்போதுதான் தாவினார்கள். சந்தையில் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

"என்ன எண்ணிக்கை இது?" என்றாள் கோச் அக்கா. "திரும்ப."

திரும்பவும் அப்படியே ஆனது. வரிசையின் ஓரத்தில் நின்றவள் கைகளைத் தொங்கப்போட்டாள். பயமென்றால் என்னவென்று தெரியாதவள் என்பதால் குழுவில் அவளுக்கு ‘இரும்பு’ என்று பெயர். "அடியே, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். வவ்வாலுக்குக் காது சூடானது. மூன்றாம் முறை எண்ணும்போது தன் குரலைத் தானே கவனித்தாள். அஞ்சு, ஆறு, ஏழு எல்லாம் ஒரே சீராக வந்தன. ஏழுக்குப் பிறகு வாய் திறந்தபடியே நின்றது. அவள் தாவப்போவதில்லை; ஆனாலும் உடம்பு அங்கே வந்ததும் நின்றது. இரண்டு மாதமாகத் தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்த இடைவெளியில் இன்னொன்றையும் பார்த்தாள். இரும்பின் முட்டி நடுங்கியது.

தண்ணீர் குடிக்க விட்டபோது வவ்வால் இரும்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உனக்குக் கால் நடுங்குது."

"பின்னே?" இரும்பு பாட்டிலை மூடினாள். "எனக்கு எந்த நாளு நடுங்காம இருந்திருக்கு?"

"சொல்லவேயில்லையே!"

"நீ கேக்கவேயில்லையே! நடுங்கறது வெளிய தெரியறதுக்குள்ள எட்டு வந்துடும், நான் போயிடுவேன். இன்னிக்கு நீ இழுத்த இழுப்புல, ஆற அமர உட்கார்ந்து நடுங்கியாச்சு. எட்டைச் சட்டுனு சொல்லித் தொலைடீ, புண்ணியமாப் போகும்."

வவ்வால் விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விருந்தாளி எல்லார் வீட்டுக்கும்தான் வருகிறான். இவர்கள் அவனை உட்காரச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எழுந்து கோச் அக்காவிடம் போனாள். "அக்கா, நான் ஒரு தடவை பாக்கறேன்."

"பக்கத்துல நிக்கவா?"

"நில்லுங்க. ஆனா எண்ணிக்கை நான்தான்."

முதலாண்டுப் பெண் தானாகவே விலகி இடம்விட்டாள். வவ்வால் போய் நின்றாள். கைகளைத் தூக்கினாள். முட்டி நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "அஞ்சு ஆறு ஏழெட்டு" என்று, கடைசி இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றோடொன்று முட்டும்படிச் சொன்னாள்.

கூரை கண்முன் சுழன்று போயிற்று. உள்ளங்கைகளில் விரிப்பு பளீரென்று அறைந்தது. கால்கள் வந்து விழுந்தன, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஒரு அடி தடுமாறி, நின்றாள்.

எல்லோரும் கோச் அக்காவைப் பார்த்தார்கள்.

"முட்டி மடங்கிடுச்சு," என்றாள் கோச் அக்கா. "கை அகலமாப் போகுது. எண்ணினது ரயில் பிடிக்கப் போறவ எண்ணின மாதிரி இருக்கு. இதோட போட்டிக்குப் போனா நம்மள வாசல்லயே நிறுத்திடுவாங்க. திரும்ப."

இரண்டு மாதமாக எல்லோரும் அவளிடம் நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். கரணத்துக்காக அவளை யாரும் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. வவ்வாலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன இளிப்பு? வரிசையில நில்லு."

"எந்த வரிசையிலக்கா?"

"பின்வரிசையிலதான். வேற எங்க?"

முதலாண்டுப் பெண் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். வவ்வால் இரும்புக்குப் பக்கத்தில் நின்று கைகளைத் தூக்கினாள். இருவர் முட்டிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.