பூட்ஸ் பார்க்கும் வைத்தியம்

ராணுவத்தின் செலவில் ஐந்தரை வருடம் மருத்துவம் படித்தேன். நாடி பிடிக்க, வயிற்றை அழுத்திப் பார்க்க, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க என்று என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். அத்தனையும் வீண். எங்கள் முகாம் ஆஸ்பத்திரி மேஜருக்கு நோயாளியின் பூட்ஸைப் பார்த்தாலே போதும். அந்த ஆளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

முகாமில் உடம்புக்கு முடியவில்லை என்று சும்மா வந்துவிட முடியாது. காலையில் முகம் மழித்து, சீருடை மடிப்புக் கலையாமல், பூட்ஸ் மின்ன வரிசையில் நிற்க வேண்டும். அழுக்கு பூட்ஸ் என்றால் மேஜர் உள்ளேயே விடமாட்டார். மின்னினாலோ, "குனிஞ்சு பாலிஷ் போடத் தெம்பிருக்கு, இவனுக்கென்ன நோவு?" என்பார். ஆக, எங்கள் முகாமில் யாருக்கும் நோயே கிடையாது. அதற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு. தூ!

அன்று ஒரு லாரி ஓட்டுநர் வந்தான். வலது அடிவயிற்றில் வலி என்றான். அழுத்தினேன், பலகை மாதிரி விறைத்திருந்தது. கையை எடுத்ததும் துடித்துப்போனான். குடல்வால் வீங்கியிருக்கிறது. இதைக் கல்லூரிக் குழந்தைகளே சொல்லிவிடும்.

"சார், இவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

மேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை. மேசைக்கு மேலே எட்டி பூட்ஸைப் பார்த்தார்.

"அதுல மூஞ்சி பாத்துக்கலாம் போலிருக்கேம்மா. எல்லாம் நடிப்பு. வேலைக்குத் தகுதின்னு எழுது."

"இல்ல சார், வயிறு..."

"எழுதும்மா. படிக்க வெச்சதுக்கு ஏழு வருஷம் நீ இங்கதான் குப்பை கொட்டணும். வருஷா வருஷம் உன்னைப் பத்தி எழுதி அனுப்பப்போறது நான்தான். மேல்படிப்பு ஆசை இருக்கில்ல?"

இருந்தது. எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். "எங்க வீட்டு டாக்டரு" என்று அம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாளே, அந்த டாக்டரின் கையெழுத்து.

வாசலில் ஓட்டுநரின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துகிடந்தது. கட்டுவதற்கு அவனால் குனிய முடியவில்லை. வெளியே காத்திருந்த கூட்டாளி மண்டி போட்டுக் கட்டிவிட்டான். அந்தக் கூட்டாளியின் விரல்களெல்லாம் கறுப்பு பாலிஷ். பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் ஓட்டுநரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். காலில் பூட்ஸ் இல்லை.

"இவன் நிஜ நோயாளி," என்றார் மேஜர். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா அந்த ஜென்மத்துக்கு?

இரண்டு ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். பதினோராம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன். மனுஷனா அவன், மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை என்று மேஜரை வாய் ஓயத் திட்டித் தீர்த்தேன்.

"அவரு என்னைத் தொடவே இல்லையே டாக்டரம்மா," என்றான் ஓட்டுநர். "நீங்கதான் தொட்டுப் பாத்தீங்க."