தடம் மாறிப்போன பள்ளிக்கூட வேன்

வேன் டிரைவர் கடற்கரைக்கு அன்றைக்குக் காலையில் கால் தரையில் பாவவில்லை. வருஷக்கணக்காகச் சுற்றுப்பட்டிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டுபோய்த் தீப்பெட்டித் தொழிற்சாலையான ‘ஆபீசில்’ இறக்கிய அவருடைய வேனைச் சிறப்புப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். வாடகை சர்க்கார் பணம். தீப்பெட்டி வேலையிலிருந்து பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்க வந்த நிதி அது. ஆபீஸ் வேன் வாசலுக்கே வருகிற ஊரில், கரிசல் சகதியில் நடந்து பள்ளிக்கூடம் போ என்றால் எந்தப் பிள்ளை போகும்? சபிதா டீச்சர்தான் ஒற்றைக்காலில் நின்று அந்த வாடகையை வாங்கியிருந்தார். முதல் நாளே பார்வையிட அதிகாரி வருகிறார். பிள்ளைகள் வராவிட்டால் நிதி நின்றுவிடும். கடற்கரையின் மகள் முத்துச்செல்வியும் மறுபடி குச்சி அடுக்கப் போகவேண்டியதுதான்.

வேன் நிறைந்து வழிந்தது. நீலப் பாவாடையும் படியச் சீவிய தலையுமாக ஏறிய பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த வேனில் ஏறினால் தூங்குவது அதுகளுக்கு ஊறிப்போன பழக்கம். ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இந்த மனுஷனோ பாட்டை முணுமுணுத்தபடி நாகலாபுரம் விலக்கில் இடது பக்கம் ஒடித்தார். பள்ளிக்கூடம் வலது பக்கம்.

ஹாரன் சத்தம் கேட்டதும் ஆபீஸ் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். அவனுக்கும் பழக்கம்தானே. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை மாயகிருஷ்ணன் வெளியே வந்து சிரித்தபோதுதான் கடற்கரைக்கு உறைத்தது.

“வாங்க அண்ணாச்சி. வந்ததே வந்தாச்சு, பிள்ளைக இன்னைக்கு ஒரு நாள் வேலை பாக்கட்டும். ஆள் பத்தல.”

பள்ளிக்கூடத்துக்கு இந்நேரம் அதிகாரி வந்திருப்பார். “கெட்டுது போ” என்று கடற்கரை தலையில் அடித்துக்கொண்டார்.

முத்துச்செல்விக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. தன் பாவாடையைப் பார்த்தாள், ஆபீசைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எப்பா, இது ஆபீசுப்பா. ஏட்டி, ஏறுங்கட்டி. நாம பள்ளிக்கூடத்துக்குல்லா போறோம்.”

உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அது கேட்டது. சன்னலில் தலைகள் தெரிந்தன. மாயகிருஷ்ணன் மறுபடி வாயெடுத்தார்.

“அதிகாரி பள்ளிக்கூடத்துலதான் இருக்காரு. இங்கன கூட்டிட்டு வரட்டுமா?” என்றார் கடற்கரை. கணக்கப்பிள்ளை வழியைவிட்டு விலகினார்.

வேன் பறந்தது. பள்ளிக்கூட வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. டீச்சர் அழுதுவிடுவார் போலிருந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக இறங்கியவர்களுக்கு நீலப் பாவாடை இல்லை. கையெல்லாம் காயாத பசை.

“இந்தப் பிள்ளைக யாரு அண்ணாச்சி?” என்று டீச்சர் கேட்டார்.

கடற்கரைக்கும் தெரியவில்லை. அதில் ஒரு சின்னவள் முன்னால் வந்தாள்.

“வேன் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுன்னு அந்த அக்கா சொன்னா. அதான் ஏறிட்டோம்.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். சந்தோஷத்தில் கடற்கரைக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“நாளையிலேருந்து ரெண்டு நடை அடிக்கணும் சார். வாடகையைச் சேத்து எழுதுங்க.”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.