இலைக் குழியில் ஒரு மடக்குத் தண்ணீர்

அந்த வீட்டு அட்டையில் போன புதன்கிழமைக்கு நேராக என் கையெழுத்துதான் இருந்தது. சகாயராணி. அன்றைக்கு நான் எடுத்து வெளியே விட்டது கொசுப்புழு இல்லை என்பது இந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது.

டெங்கு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகிற தினக்கூலி நான். நாகல்நகர் பக்கம் ஒரு நாளைக்கு அறுபது வீடு. தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை உருவிக் கொட்ட வேண்டும். பூந்தொட்டி, ஆட்டுக்கல், மாடியில் கிடக்கும் டயர் எதையும் விடக்கூடாது. கவிழ்க்க முடியாத இடத்தில் தேங்கியதை இங்க் பில்லரால் உறிஞ்சி வெயிலில் விடுவோம். பிறகு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி, கையெழுத்து. மதியத்துக்குள் முழங்கால் இரண்டும் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும்.

அந்த வீட்டு அறிவுச்செல்வி வங்கியில் வேலை பார்க்கிறவள். போன வாரம் அவள் இல்லை. அவளுடைய மாமனார் கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். உள்ளறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறைக்கு எதற்கு ஏசி என்று எட்டிப் பார்த்தேன். பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே பாசி, அன்னாசி மாதிரி செடிகள், கட்டைவிரல் நகம் அளவில் ஆரஞ்சும் கருப்புமாக இரண்டு தவளைகள். இலைகள் அடியில் சேருகிற குழிகளில் ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர். அதில் கருப்பாக ஏதோ நெளிந்தது.

புழு இவ்வளவு பெரிதாக இருக்குமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அந்தக் குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போல இருந்தது. சும்மா நிற்க முடியாதே, கையில் ஒரு வேலை வேண்டும். மூடியைத் திறந்து குழி குழியாக உறிஞ்சினேன். ஜன்னல் வழியாக வெயிலில் விட்டேன்.

இந்த வாரம் அறிவுச்செல்வி லீவு போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள்.

“அக்கா, போன வாரம் பெட்டியத் தொறந்தது நீங்கதான?”

“ஆமா தாயி. தண்ணி கெடந்துச்சு.”

“அது தவளைக் குஞ்சுக்கா. மூணு இருந்துச்சு. பின்னால ஒரு எலைல இருந்தது மட்டும்தான் தப்பிச்சிருக்கு.”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்திவிட்டுப் போயிருப்பேன். அவள் கத்தவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தேன்.

“எந்தூருத் தவள இது?”

“இதுக வளப்புல பொறந்ததுகதான், காகிதமெல்லாம் இருக்கு. பூர்வீகம் தென் அமெரிக்கா, பெருன்னு ஒரு நாடு. வெஷத் தவளக்கா.”

கையை வெடுக்கென்று எடுத்தேன்.

“பயப்படாதீங்க. காட்டுல எறும்பு, பேன் மாதிரிப் பொடிப்பூச்சி எல்லாம் திங்கும். அதுல இருக்குற வெஷத்தத்தான் ஒடம்புல சேத்து வச்சுக்கும். இங்க அழுகுன வாழப்பழத்துல வளத்த ஈதான் தீனி. வெஷமே கெடையாது.”

“தீனிய மாத்துனா வெஷம் போயிருமா? எங்க சூப்பர்வைசருக்கும் ரெண்டு வாழப்பழம் குடுத்துப் பாக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பெட்டிக்குள் சின்னத் தவளை ஒன்று இலை மேல் உட்கார்ந்து கிர்ரென்று கத்தியது.

“அதுதான் அப்பன்காரன். ஒவ்வொரு குஞ்சா முதுகுல ஏத்திட்டுப் போயி ஒரு குழிக்கு ஒண்ணுன்னு விட்டுச்சு. குழில திங்க ஒண்ணும் இருக்காது. அதுனால ஆத்தாக்காரியக் கூப்பிடும். அவ வந்து பொரியாத முட்ட ஒண்ண இட்டுட்டுப் போவா. அதுதான் குஞ்சுக்குச் சாப்பாடு.”

“இப்ப எதுக்குக் கத்துது? அந்தக் குழில ஒண்ணுமில்லையே.”

“ஒண்ணுமில்லதான். தண்ணி மட்டும் ஊத்தி வச்சேன். நாலு நாளாக் கூப்பிடுது. அவளும் ஒரு தடவ வந்து முட்ட இட்டுட்டுப் போனா. அது அப்படியே கெடக்கு.”

நான் ஏசிக்காக நின்றதை அவளிடம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் முகமது பாரூக் மறுசோதனைக்கு வருவார். மூன்று வீடு தள்ளி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட வீட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை. பில்லரைக் கையில் எடுத்தேன்.

“குஞ்சு இருக்குறது ஒத்தக் குழிதான்க்கா. விட்டுருங்க.”

பில்லரைப் பைக்குள் போட்டேன். அட்டையில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் எழுத மாட்டோம். நாற்பது வயதுக்கு மேல் மகளிர் குழுவில் எழுத்துப் படித்தவள் நான். இந்த வேலைக்குத் தேதியும் பேரும் போதும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் எழுதினேன்: இலையில் தண்ணீர் உள்ளது. தவளைக் குஞ்சு உள்ளது. எடுக்கவில்லை.

பாரூக் வந்து வாசித்தார்.

“யாரும்மா எழுதுனது இது?”

“நாந்தான் சார்.”

“தவளைக்கு எரக்கம் காட்டவா ஒன்ன வேலைக்கு வச்சிருக்கு? மூணாவது வீட்டுப் புள்ள கெடக்குற கெட தெரியும்ல?”

“தெரியும் சார். போன வாரம் ரெண்டு குஞ்ச வெயில்ல விட்டதும் நாந்தான்.”

அவர் டார்ச் அடித்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியின் வலையை விரலால் தட்டினார்.

“கொசு போற சந்து இல்ல. இருந்தாலும் தெனமும் வந்து நீதான் பாக்கணும், எழுதணும். ஞாயித்துக்கெழமையும் வரணும். ஒரு புழு இருந்துச்சு, அன்னைக்கே நீ வீட்டுக்குப் போயிரு.”

“எம்புட்டு நாளைக்கு சார்?”

அவர் அறிவுச்செல்வியைப் பார்த்தார். “கால் மொளச்சு வெளிய வர ரெண்டு மாசம் ஆகும் சார்” என்றாள்.

இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்காருகிற ஒரு மணி நேரந்தான் என் கால்களுக்கு ஓய்வு. சரி சார் என்றேன்.

வேலைக்கு முன்னால் காலை ஏழு மணிக்கே போய்விடுகிறேன். அறிவுச்செல்வி நாற்காலி போடுகிறாள். அந்த அறையில் நான் உட்காருவதில்லை. ஐந்தாம் நாள், பின்னால் இருந்த இலையில் அப்பன்காரன் கத்தியது. வெகுநேரம் கழித்து மற்றது பாசியிலிருந்து கிளம்பி வந்தது. வழுக்கி வழுக்கி ஏறியது. குழிக்குள் பின்பக்கமாக இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, ஏறின வழியே இறங்கிப் போனது. குழியில் கருப்பாக ஒன்று நெளிந்தது.

தேதி போட்டேன். ‘உள்ளது’ என்று எழுதினேன். வெளியே அறுபது வீடு இருந்தது.