நடுப்பெட்டியில் இருப்பவர்

நான் செய்துகொடுத்த ஸ்பீக்கர் பெட்டிகளைப் பாராட்டி இதுவரை யாரும் ஃபோன் செய்ததில்லை. மணி அடித்தால் புகார்தான். அதனால் தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, சிங்காநல்லூரிலிருந்து அருண்குமார் கூப்பிட்டபோது, எடுத்ததுமே "மன்னிச்சுக்குங்க" என்றுதான் ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க பாய் மன்னிப்பு? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே."

"எப்படியும் சொல்லுவீங்க. மொதல்லயே கேட்டுப்போட்டா வேலை மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பவர்.

"பாட்டு நல்லா கேக்குதுங்க. சண்டை நெம்ப நல்லா கேக்குதுங்க. பேச்சுத்தான் வெளங்கறதில்லீங்க. உங்க நடுப்பெட்டி வாய்க்குள்ளயே முனகுது. இன்னைக்கே வந்து பாருங்க."

அந்தப் பெட்டியை நான் மறக்க முடியாது. அருண்குமாரின் அப்பா நஞ்சுண்டன், மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்தவர், சிங்கப்பூர் சொந்தக்காரர் மூலமாக ஒரு ஹோம் தியேட்டர் வரவழைத்தார். வந்து பிரித்தபோது நடு ஸ்பீக்கர் மட்டும் நொறுங்கியிருந்தது. இடதும் வலதும் இசைக்கு, பின்னால் இருப்பது மழைக்கும் பேய்க்கும். டிவிக்கு அடியில் இருக்கும் நடுப்பெட்டிதான் பேச்சுக்கு. அது இல்லாவிட்டால் படத்தில் எல்லோரும் ஊமை. டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்து பெட்டி அடிக்கும் ஷேக் பரீதாகிய என்னை அவரே தேடி வந்து, "பாய், சிங்கப்பூர்க்காரன் தோத்துப்போற மாதிரி ஒண்ணு பண்ணுங்க" என்றார். சிங்கப்பூர்க்காரன் தோற்கவில்லை. ஆனால் நஞ்சுண்டன் மட்டும் எனக்காக "ஜெயிச்சுட்டீங்க" என்று சொன்னார். நல்ல மனிதர். போன ஐப்பசியில் இறந்துபோனார்.

பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். ஹாலில் நஞ்சுண்டன் மாலையோடு படமாக இருந்தார். டிவிக்கு நேர் எதிரே அவருடைய பிரம்புச் சாய்வு நாற்காலி. கைப்பிடியில் வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டபடியே கிடந்தது. அருண்குமார் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். யாரோ கால் நீட்டிப் படுத்திருப்பதைப்போல.

முதல் குற்றம் பார்த்ததுமே தெரிந்தது. பெட்டியை ஷோகேஸ் தட்டின் உள்ளே, ஒரு முழம் ஆழத்தில் தள்ளி வைத்திருந்தார்கள். அதன்மேல் பின்னல் துணி. அதற்கும்மேல் தலையாட்டிப் பொம்மை. வாயைத் திறந்ததும் குரல் தட்டில் முட்டிக்கொண்டு அங்கேயே சுற்றும். பெட்டியை இழுத்துத் தட்டின் விளிம்போடு சேர்த்து வைத்தேன். அது முழங்காலுக்குப் பேசிக்கொண்டிருந்தது; காதுக்குப் பேச வேண்டும். முன்பக்கத்தில் பள்ளிக்கூட ரப்பர் இரண்டைக் கொடுத்து முகத்தைச் சற்று நிமிர்த்தினேன்.

"நாற்காலியில உக்காந்து கேக்கணுமுங்க" என்றேன்.

அருண்குமார் ஒரு நொடி தயங்கினார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிரம்பு சூடாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பார்த்தேன். ஜன்னல் மறுபக்கம் இருந்தது.

எதிலும் எனக்குப் பயம் கிடையாது என்று யாஸ்மினிடம் சொல்லிக்கொள்வேன். யாஸ்மின் என் மனைவி. என்னைப் பற்றி உண்மை தெரிந்தவள். எழுந்து போகத் தோன்றிய கால்களை அடக்கிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் டெஸ்ட் டோனைப் போட்டேன். அது ஒரு வெற்று இரைச்சல், அவ்வளவுதான். இரண்டு நொடி இடது ஸ்பீக்கரில், இரண்டு நொடி நடுவில், பிறகு வலதில், பிறகு முதுகுக்குப் பின்னால் என்று மாறி மாறி வரும். நான்கும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது எங்கள் வழக்கம்.

இடதில் "ஷ்ஷ்ஷ்" என்று மழை பெய்தது. நடுவில் மழை இல்லை. "ஹ்ஹ்ஹ்..." என்று ஒருவர் மூச்சு வாங்கினார்.

வலதில் மழை. பின்னால் மழை. இடதில் மழை. மறுபடி அந்த மூச்சு. சளி கட்டிய நெஞ்சிலிருந்து, கம்பளித் துணிக்குள் இருந்து வருவதைப்போல.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மயிலாத்தாள், நஞ்சுண்டனின் மனைவி, ஈரக் கையோடு ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் முன்னால் குனிந்தார்.

"ஏனுங்க, மூச்சு வாங்குதுங்களா? சித்த நிமுந்து உக்காருங்க. வெந்நி கொண்டாரேன்."

"அம்மா!" என்றார் அருண்குமார்.

நான் டோனை நிறுத்தினேன். அம்மா நிமிர்ந்து, அப்போதுதான் நாற்காலியில் நான் இருப்பதைக் கண்டார். நான் துள்ளி எழுந்த வேகத்தில் ரிமோட் தரையில் விழுந்து, அதிலிருந்த செல் இரண்டும் உருண்டு ஓடின. இவ்வளவு கம்பீரமாக ஒரு மெக்கானிக்கை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"உக்காருங்க தம்பி. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார்.

அருண்குமார் என்னை வாசலுக்கு அழைத்துப்போனார். மாமர நிழலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சித்திரையிலிருந்து இப்படித்தானுங்க. மத்தியானமானா கேபிள்ல நாடகம் வருதல்லங்க, அப்ப போய் முன்னால உக்காந்துக்கறாங்க. அதுல யாரு என்ன பேசினாலும் அம்மா பதில் சொல்றாங்க. தட்டுல சோறு போட்டு எதுத்தாப்புல வெக்கறாங்க. எங்க கூட உக்காந்து சாப்பிட்டு நாலு மாசமாச்சுங்க."

கேபிள் டிவியில் வருவது இடது வலது என்று பிரியாத ஒற்றைச் சத்தம். அந்த ஆம்ப்ளிஃபயர் அதை முழுவதுமாக நடுப்பெட்டிக்குத்தான் அனுப்பும். பேசுவது கதாநாயகனானாலும் வில்லனின் மாமியாரானாலும் வருவது அந்தப் பெட்டிக்குள் இருந்துதான்.

"கோளாறு பெட்டியில தானுங்களே?" என்றார் அருண்குமார். "அப்பா கடைசியில தொண்டை ஆபரேசன் ஆகிக் கம்பளி சுத்திட்டே இப்படித்தான் பேசினாரு. பெட்டி தெளிவாப் பேசிட்டா, இது டிவின்னு அம்மாவுக்குப் புரிஞ்சுருமுங்க. அப்புறம் எங்க கூட வந்து சோறு திம்பாங்க. பண்ணிக் குடுங்க பாய்."

பேயோட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு இது.

உள்ளே போய்ப் பெட்டியின் முன்துணியைக் கழற்றினேன். 

இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் சின்னக் குமிழாக ட்வீட்டர். மெல்லிய சத்தங்கள், "ச"வும் "ஸ"வும், பேச்சின் கூர்மையெல்லாம் அந்தக் குமிழிலிருந்துதான் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டி இரண்டு கண்ணும் நடுவில் நெற்றியுமாகத் தெரியும். அந்த நெற்றியில் சந்தனம் இருந்தது. ஒரு நாள் சந்தனம் இல்லை. காய்ந்ததன்மேல் காய்ந்து, அடுக்கடுக்காக, சுண்டுவிரல் தடிமனுக்கு. நடுவில் குங்குமம். குமிழ் அசையவே முடியாது.

பட்டறையில் வெள்ளிக்கிழமைதோறும் லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைக்கும் குடும்பம். அவர் ஆசையாக வாங்கியதற்கும் அம்மா முன்துணியைக் கழற்றி வைத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல். ஒவ்வொரு வாரமும் குரலில் இருந்து ஒரு சிட்டிகைக் கூர்மை போயிருக்கிறது. கார்த்திகையில் யாரோ போலப் பேசிய பெட்டி, தை மாதம் சளி பிடித்து, சித்திரையில் நஞ்சுண்டனாகவே ஆகிவிட்டது. பதினெட்டு வருஷம் மீட்டரும் சாலிடரும் வைத்துக்கொண்டு நான் எந்தப் பெட்டியையும் இவ்வளவு துல்லியமாக ட்யூன் செய்ததில்லை.

அருண்குமார் காபி கொண்டுவர உள்ளே போயிருந்தார். நான் ஈரப் பஞ்சை எடுத்தேன். ஊறவைத்துத் துடைத்தால் கால் மணி நேர வேலை.

"கழுவிப்போட்டா அவரு போயிருவாருங்களா தம்பி?"

மயிலாத்தாள் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

  "குரல் தெளிவாயிருமுங்கம்மா" என்றேன்.

"அப்ப போயிருவாரு."

"அம்மா, அதுல பேசறவங்க..."

"நாடகத்துல பேசறவங்கன்னு தெரியுமுங்க. எனக்கொண்ணும் கிறுக்குப் பிடிக்கலை. அருணு அப்படி நெனச்சுட்டிருக்கான், பாவம். பேச்சு அவங்க பேச்சு. குரல் அவரு குரலு." முந்தானையில் கையைத் துடைத்தார். கை காய்ந்துதான் இருந்தது. "ஆபரேசனுக்குப் பொறவு ஆறு மாசம் அவரு பேசறது எனக்கு ஒண்ணுமே வெளங்காதுங்க. தண்ணி கேட்டா சோறு கொண்டுட்டு வருவேன். 'வாயத் தொறந்து தெளிவாப் பேசுங்க, எனக்கு நூறு வேலை கெடக்குது'ன்னு கத்துவேன். ஒரு நா கத்திப்போட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் அவரு என்னோட பேசவே இல்லீங்க. இருபத்தாறு நாளு. போற வரைக்கும். தண்ணி வேணும்னாக்கூடக் கைய நீட்டிக் காட்டுவாரு."

பஞ்சிலிருந்து நீர் சொட்டி என் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"இந்தச் சித்திரையில மறுபடி பேச ஆரம்பிச்சாருங்க. எனக்கு இப்பவும் வெளங்கறதில்லை. ஆனா ஒரு நாளும் 'தெளிவாப் பேசுங்க'ன்னு நான் சொல்லலீங்க. எதுக்குன்னாலும் பதில் சொல்லிப்போடறேன்."

சமையலறை வாசலில் அருண்குமார் இரண்டு டம்ளரோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று காபியில் படிந்திருந்த ஆடை சொன்னது. அந்த இருபத்தாறு நாளைப் பற்றி அவருக்கு இதற்கு முன் தெரியாது என்பதை முகம் சொன்னது.

எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன். பொய் சொன்னேன்.

"ட்வீட்டர் போயிருச்சுங்க. இங்க கெடைக்காது. எழுதிப் போட்டு வரவழைக்கணும். வர ஆறு மாசம் ஆகும். ஒரு வருசம்கூட ஆகுமுங்க."

கையில் ஈரப் பஞ்சோடு இந்தப் பொய்யைச் சொன்ன ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். அருண்குமார் பஞ்சைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். டம்ளர்களை ஷோகேஸின்மேல் வைத்தார்.

"மெதுவா வரட்டுமுங்க. அந்தத் துணிய மாட்டிருங்க பாய்."

மாட்டினேன். செல்களைத் தேடிப் பொறுக்கி ரிமோட்டில் போட்டேன். அருண்குமார் நாற்காலிப் பக்கம் போகவில்லை. அம்மாவுக்கு அருகில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிவியைப் போட்டார். மத்தியான நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பெட்டிக்குள் இருந்து கம்பளி சுற்றிய குரல் ஒன்று நான்கைந்து சொல் பேசியது. ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில் மட்டும் கேள்வி கேட்பதைப்போலச் சற்று உயர்ந்து நின்றது.

 வாசலில் ஏதோ வண்டி போன சத்தம் தேய்ந்து மறைந்தது.

"என்னம்மா கேக்கறாரு?" என்றார் அருண்குமார், மிக மெதுவாக.

மயிலாத்தாள் நம்பாததைப்போல மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய தோளில் கைவைத்தார்.

"தெரியல கண்ணு. ஆமான்னு சொல்லிப்போடு."

அருண்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்கப்பா."

நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டி மட்டும், பதிலைக் கேட்டுக்கொண்டதைப்போல, வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அப்போது யார் இருந்தார்கள், யார் வாயசைத்தார்கள் என்று நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.