கொக்கியில் மாட்டிய பேட்ஜ்

"அந்த மூணு நாளும் பேட்ஜ் என் உடம்புல இல்லைன்னு என் பதிவுல எழுதுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று இவளிடம் வகுப்பே சொல்லியிருந்தது. விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள்: வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து சேர். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள். இரண்டு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் அம்மா.

பயிற்சியாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்து, அணுமின் நிலையம் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பயிற்சியில் என் உடம்பில் பட்ட கதிர்வீச்சு பூஜ்யம், ஒப்புக்கொள்கிறேன் என்பதுதான் வாசகம். ஊரில் மற்ற படிப்பிலெல்லாம் பூஜ்யம் வாங்கினால் மானம் போகும். இதில் பூஜ்யம் வாங்கினால்தான் வேலை.

நடந்தது இதுதான். நிலையத்தின் குழாய் அறையில் வால்வு மாற்றப் போன மூன்று நாளும், சூப்பர்வைசர் வாசலில் இருந்த கொக்கியைக் காட்டினார். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை அதில் மாட்டிவிட்டு உள்ளே போகச் சொன்னார். மாணவர்கள் உடம்பில் ஏற அனுமதித்த கதிர்வீச்சு அளவு கொஞ்சம். அது தீர்ந்துவிட்டால் மிச்சப் பயிற்சி அம்போ, வேலையும் அம்போ. எல்லோரும் மாட்டினார்கள். இவளும் மாட்டினாள். அதுதான் இவளை அரித்தது. மிளகாய் என்று பட்டப்பெயர் வாங்கியவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கை எட்டாத தோழியின் பேட்ஜையும் வாங்கித் தானே மாட்டினாள்.

"ரொம்பச் சின்ன அளவும்மா," என்றார் ஆசிரியர்.

"அளக்கவே இல்லையே சார். சின்னதுன்னு யாரு பார்த்தா?"

அப்படி எழுதினால் நிலையம் இந்தக் கல்லூரிக்குக் கதவைச் சாத்திவிடும் என்றார். ஒருத்தியின் வீம்புக்காக இருபத்திரண்டு பேர் வயிற்றில் அடிப்பதா என்றார். தானும் அங்கே வேலை பார்த்த இருபது வருடம் அதே கொக்கியில் மாட்டியவன்தான், இதோ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கவில்லையா என்றார். சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"உங்களுக்கு மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கும் சார்?"

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடிந்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"யாருக்கும்மா தெரியும்? பதிவுல பூஜ்யம்தான்."

அவர்மேல் காட்டலாம் என்று கொண்டுவந்த கோபத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. மிச்சம் சோர்வுதான். திங்கட்கிழமை அடுத்த வகுப்பு அந்தக் குழாய் அறைக்குப் போகிறது; அதே கொக்கிதான் இருக்கும்.

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பூஜ்யத்தைக் கோடு போட்டு அடித்தாள். மூன்று நாளும் பேட்ஜை நானே கழற்றி வாசலில் மாட்டினேன், மாட்டச் சொன்னவர் சூப்பர்வைசர், என் அளவு யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"இது செல்லாதும்மா. சான்றிதழ் வராது."

"தெரியும் சார். நிலையத்துப் பாதுகாப்பு ஆபீஸ்ல இதைத்தான் காட்டப் போறேன்."

"உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வராந்தாவில் காத்திருந்த தோழி என்னடி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். இவள் நிற்கவில்லை. ஆபீஸை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.